பொத்தானில்லாக் காஜா

உலகில் ஆராயத் தகுந்த விஷயங்களையெல்லாம் பெரியோர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து முடித்துவிட்டபடியால், பிந்திப் பிறந்த குற்றத்துக்காக மிச்சத்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியவனாகிய நான், பழைய காலத்து அமெரிக்கச் சிறுவர்களின் கோட்டுகளை எடுத்துக்கொண்டேன். பழம் புகைப்படங்களையும் ஜவுளிக் கடைகளின் விலைப்பட்டியல்களையும் பல நாள் உற்று நோக்கியதில், இதுகாறும் எவரும் தக்க கௌரவத்துடன் எடுத்துரைக்காத ஒரு விபரீதம் கண்ணில் பட்டது. அந்தக் கோட்டின் மார்பு மடிப்பில் ஒரு காஜா இருக்கிறது. அதற்குரிய பொத்தானை எங்கும் காணோம். கைமுனையில் இரண்டு மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் காஜா கிடையாது. நம் முன்னோர் இதைக் கண்டிருந்தால் பாலைத்திணையில் அடக்கி, பொத்தானைத் தலைவனாகவும் காஜாவைத் தலைவியாகவும் வைத்து, ஊசி நூலைத் தூது விட்டிருப்பார்கள். எனக்கு அத்தனை கவித்துவம் இல்லை. காரணம் தேடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆதியில் இப்படி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1830-ஐ ஒட்டிய காலம் வரையில் சிறுவர்கள் அணிந்த உடுப்புக்கு ஸ்கெலிடன் சூட் என்று பெயர். எலும்புக்கூடு என்ற பொருளைக் கேட்டு வாசகர் அஞ்ச வேண்டாம், உடம்போடு ஒட்டியிருந்தது என்பதற்கு மேல் அதில் பயங்கரம் ஒன்றுமில்லை. இடுப்பளவே இருந்த அந்தக் குட்டைக் கோட்டின் கீழ் விளிம்பைச் சுற்றிலும் பொத்தான்கள் தைத்து, கால்சட்டையை அவற்றிலே மாட்டித் தொங்கவிட்டார்கள். அக்காலப் பொத்தான் ஒவ்வொன்றும் தன் சோற்றுக்குத் தானே உழைத்தது. ஒரு பொத்தான் கடமை தவறினால் சிறுவனின் மானம் போய்விடும். அத்தனையும் கடமையில் உறுதியாக நின்றாலோ, அவசர வேளையில் வேறு விதமாகப் போய்விடும்.

இந்த உழைப்பாளி பரம்பரை சீர்குலைந்ததற்கு இலக்கியமும் ஒரு காரணம் என்பது என் துணிபு. பிரான்ஸஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் என்னும் அம்மையார் 1885-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 'செயின்ட் நிக்கலஸ்' என்ற சிறுவர் பத்திரிகையில் 'லிட்டில் லார்ட் ஃபாண்டில்ராய்' கதையைத் தொடங்கினார். அதற்கு ரெஜினால்ட் பர்ச் வரைந்த சித்திரங்களில் கதாநாயகச் சிறுவன் வெல்வெட் கோட்டும் சரிகைப் பின்னல் போன்ற பெரிய லேஸ் காலருமாய் நிற்பதைக் கண்ட தாய்மார்கள், தங்கள் வீட்டிலும் ஒரு பிரபு பிறந்திருக்கிறான் என்பதைத் திடீரென்று உணர்ந்தார்கள். அவ்வகைக் கோட்டின் முன்புறத்தைப் பூட்டிவிட்டால் உள்ளே இருக்கும் லேஸ் தெரியாது. ஆகவே கழுத்தடியில் ஒரு பொத்தானைப் பூட்டி, மற்றதைத் திறந்தே விட்டார்கள். பொத்தான் சோம்பேறியானது இங்கேதான். சிறுவர்களைக் கேட்டு எவரும் எதையும் தைப்பதில்லை என்பதற்கும் இதுவே தக்க பிரமாணம்.

கைமுனைப் பொத்தானைப் பற்றிய பூர்வபக்ஷத்தை இனிப் பார்ப்போம். படைவீரர்கள் சட்டைக் கையால் மூக்கைத் துடைப்பதைக் கண்டு வெகுண்டு நெப்போலியன் அங்கே பொத்தான் தைக்கச் சொன்னான் என்பர் ஒரு சாரார். பிரஷ்ய மன்னன் பிரெடரிக் என்பர் மற்றொரு சாரார். ஒரே மூக்குக்கு இரண்டு மன்னர்கள் வந்து நிற்கும்போதே இந்த ஐதிகத்தின் பலவீனம் விளங்கும். மேலும், பொத்தான் இருப்பதோ கையின் பின்புறத் தையலோரத்தில், துடைப்பதோ மேற்புறத்தால். என் அக்காள் மகனுக்கு ஒரு கோட்டை மாட்டி, ஜலதோஷ காலத்தில் நானே சிரத்தையுடன் பரிசோதித்தேன். பொத்தான் அங்கே இருந்ததை அவன் கவனிக்கவே இல்லை. எனவே அது பொருந்தாது. ஒரு காலத்தில் கைமுனை மெய்யாகவே திறந்து மூடியது, மடித்து விட்டுக்கொண்டு வேலை செய்தார்கள், பிறகு காஜா எடுக்கும் கூலியை மிச்சம் பிடித்துப் பொத்தானை மட்டும் தைத்தார்கள் என்பதே சித்தாந்தம்.

மார்புக் காஜாவின் கதையும் அவ்விதமே. கழுத்து வரையில் பூட்டிய கோட்டின் மேற்பகுதியை நாகரிகத்துக்காக மடித்துவிட்டபோது, மேல் காஜா மட்டும் மடிப்போடு தங்கிவிட்டது. பெரியவர்கள் அதில் பூச்செருகினார்கள். சிறுவன் செருகிய பூ பள்ளிக்கூட வாசல் வரையில் தங்குமா? ஆயினும் 1896-இல் அதற்கு ஒரு நல்ல காலம் வருவதுபோலத் தோன்றியது. மக்கின்லிக்கும் பிரையனுக்கும் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் முகம் தாங்கிய செல்லுலாய்டு வில்லைகளை மார்பில் அணியும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. அந்நாட்டார் அந்த வில்லையையும் பட்டன் என்றே அழைத்தார்கள். வெகுநாள் காத்திருந்த காஜாவை நோக்கிக் கடைசியில் ஒரு பட்டன் வந்தது. ஆனால் அதன் முதுகில் ஊசி இருந்தபடியால், காஜாவை ஏறெடுத்தும் பாராமல் பக்கத்துத் துணியிலே குத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நார்ஃபோக் கோட்டு வந்தபோது சற்றே ஒழுங்கு திரும்பியது. முன்னும் பின்னும் நெடுக்கு மடிப்புகளும், இடுப்பைச் சுற்றி மெய்யான பட்டையும் கொண்ட அந்த ஆங்கிலேய வேட்டைக் கோட்டை, நிக்கர்பாக்கர் கால்சட்டையுடன் சேர்த்து அமெரிக்கச் சிறுவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணிந்தார்கள். முழங்கால்தான் முதலில் கிழியும் என்பதை உணர்ந்த வியாபாரிகள் கோட்டு ஒன்றுக்குக் கால்சட்டை இரண்டு கொடுத்ததை, வியாபார சரித்திரத்தின் அபூர்வ ஞானோதயங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். ஆனால் அந்தப் பட்டையும் நாளடைவில் தேய்ந்து, முன்பக்கம் வராமல் முதுகோடு நின்று, எதையும் இறுக்காத அரைப்பட்டையாகி ஓய்வூதியம் பெற்றுக்கொண்டது. 1942-இல் கம்பளித் துணியை மிச்சப்படுத்த முனைந்த போர் உற்பத்தி வாரியம் கால்சட்டையின் அடிமடிப்பையும், மேலே வைத்துத் தைக்கும் பையையும் விலக்கியது. காஜா பிழைத்தது; துவாரத்துக்குத் துணி செலவாவதில்லை அல்லவா?

காஜா இல்லாத பொத்தானும் பொத்தான் இல்லாத காஜாவும் பயனற்றவை என்று முடித்து, பேனாவை மூடப்போன தருணத்தில், லூயிஸ் ஹைன் எடுத்த படங்கள் என் முன் விரிந்தன. குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்த தேசியக் குழுவுக்காக 1908 முதல் ஊர் ஊராகச் சென்ற இந்த முன்னாள் பள்ளி ஆசிரியர், பென்சில்வேனியாவின் நிலக்கரிக் கூடங்களிலும் கரோலைனாக்களின் நூற்பாலைகளிலும், அண்ணன்மார் கழித்த பெரிய கோட்டுகளுக்குள் பாதி மறைந்து நின்ற சிறுவர்களைப் படமெடுத்தார். தீயணைப்புப் பரிசோதகர் என்றும் வேதப்புத்தக வியாபாரி என்றும் சொல்லி உள்ளே நுழைந்தவரால் முழக்கோலை வெளியே எடுக்க முடியுமா? தம் வெஸ்ட்டின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று முன்னரே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளையின் தலை எந்தப் பொத்தானுக்கு எட்டுகிறது என்று பார்த்து, கோட்டுப் பைக்குள் விட்ட கையாலேயே குறித்துக்கொண்டார். அந்தப் பொத்தான்களுக்குக் காஜா இருந்ததா என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.