உப்புமா வந்தாச்சு, பிள்ளைகளைக் காணோம்

காலை ஏழரைக்குக் கவரைப்பேட்டை ஜி.என்.டி. சாலையோரம் நின்று பாருங்கள். மஞ்சள் வேன்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்த ஒப்பந்தக் கூலி அப்பன், டாட்டா காட்டிவிட்டு, டெர்ம் ஃபீஸுக்கு யாரிடம் கடன் கேட்பது என்ற யோசனையோடு படுக்கப் போவான்.

இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான், கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கான காலை உணவை முதலமைச்சர் 2024 ஜூலை 15 அன்று தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 2022-லேயே பசித்தது. சர்ச் பள்ளிப் பிள்ளைக்குப் பசிக்க இரண்டு வருடம் ஆனது. நகரத்து சர்ச் பள்ளிப் பிள்ளைக்கு 2025 ஆகஸ்டில்தான் பசித்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்கும் பசி இன்னும் எடுக்கவேயில்லை: 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும். ஒரே தெரு, ஒரே ரேஷன் கடை, ஆனால் சர்ச் பள்ளியில் படித்தால் கோட்டைக் கணக்கில் நீ வசதியானவன். கணக்குத் தெரிந்த தாய் ஆறாம் வகுப்புக்கு முன்பே டி.சி. வாங்கிவிடுகிறாள்.

சரி, கோட்டையைத் திட்டியாயிற்று. கோயிலுக்கு வருவோம்.

பல ஊர்களில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிகள். ஒன்று தமிழ் வழி, கட்டணமில்லை, ஓடு ஒழுகும். இன்னொன்று இங்கிலீஷ் மீடியம், டைல்ஸ் தரை, கிரானைட் கெபியில் மாதா. இரண்டுக்கும் தாளாளர் ஒருவரே. அட்மிஷன் பேனர் எந்தப் பள்ளிக்கு என்று கேட்க வேண்டுமா? கட்டணப் பள்ளியில் ஏழைக்கு 25 சதவீத இடம் உண்டே என்று சட்டம் பேசாதீர்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறுபான்மையினரைக் காக்க அரசியலமைப்பு தந்த 30-ஆவது பிரிவு, வேலைக்காரி மகன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடாமலும் காக்கிறது.

தமிழ்ப் பள்ளியில் பிள்ளை குறைந்தால் ஆசிரியர் உபரி. உபரி என்றால் பணி நிரவல். பிறகு ஒரு மே மாதத்தில், சத்தமில்லாமல், பூட்டு. அந்த ஆசிரியரின் பிள்ளை? பக்கத்துக் கட்டடத்தில்தான்.

பிள்ளைகளே இல்லையாம்! இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாப் பிள்ளைகள் மண்ணில் கிடக்கிறார்கள், சிப்காட்டைச் சுற்றிய ஷெட்டுகளில் பீகார்ப் பிள்ளைகள். சூளைக்கு எந்த வேனும் போகாது. ஃபீஸ் கட்டுகிறவன் வாசலுக்குத்தான் வேன்.

ஃபாதர், அடுத்த சேர்க்கைக்கு முதல் பேனரைத் தமிழ்ப் பள்ளிக்குக் கட்டுங்கள். மனசில்லையென்றால் சாவியை அரசாங்கத்திடம் கொடுத்துவிடுங்கள். அங்கே உப்புமாவோடு ஏழரை சதவீதமும் கிடைக்கும்.