அரை டிகிரி அண்ணாச்சி

மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களில் ஏற்றத்தை ரசிப்பவர்கள் உண்டு, இறக்கத்துக்காகவே ஏறுபவர்களும் உண்டு. அண்ணாச்சி ரசிப்பது பார்க்கிங்கை. வண்டியைக் காரிலிருந்து இறக்கிய கையோடு ஏறி மிதிக்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பரிதாபமாக இருக்கும். பந்தியில் பரிமாறி முடிப்பதற்குள் சோற்றில் கை வைக்கும் பிள்ளையைப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் கவுண்டியில் ஃபேர்ஃபேக்ஸ் என்று ஒரு சிற்றூர். சனிக்கிழமை காலை அங்கே போனால் இவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஏனென்றால் இவர் ஓர் ஆள் இல்லை, ஒரு ரகம். வெள்ளைக்காரர்களிலும் இருக்கிறார், சீனர்களிலும் இருக்கிறார். நான் சொல்வது நம்மவரை. பகலில் சாஃப்ட்வேர், இரவில் ஜியாமெட்ரி, வயது ஐம்பதுக்குப் பக்கம். அப்பா அம்மா வைத்த பெயர் எதுவானாலும் கூட ஓட்டும் பையன்கள் வைத்தது அரை டிகிரி அண்ணாச்சி.

"தம்பி, வண்டி புதுசா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஹெட் ஆங்கிள் என்ன?"

"கவனிக்கலை அண்ணாச்சி. கலர் பிடிச்சிருந்தது, வாங்கிட்டேன்."

அண்ணாச்சி சற்று நேரம் பேசமாட்டார். பிறகு கோணம் பார்க்கும் ஆப்பைத் திறந்து, பையனுடைய வண்டியின் முன்குழாயோடு ஃபோனை ஒட்டிப் பிடிப்பார். "அறுபத்தஞ்சரை" என்பார். குரலில் துக்கம் விசாரிக்கும் தொனி இருக்கும். பையனுக்கு அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியின் மேல் முதல் சந்தேகம் விழும்.

ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய் தரையோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதுதான் ஹெட் ஆங்கிள். 1990களில் மலைச் சைக்கிளில் அது 71 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தது. வண்டி சொன்ன பேச்சுக்குச் சட்டென்று திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் ஆளை ஹேண்டில்பாருக்கு மேலாக வழியனுப்பவும் தயங்காது. இப்போது அது 65, 64, அதற்கும் கீழே என்று சாய்ந்துவிட்டது. முன் சக்கரம் தள்ளிப் போகப் போக இறக்கத்தில் தைரியம் வரும், மெதுவாக ஏறும்போது அந்தச் சக்கரம் தன் போக்கில் அலையும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் விவகாரம், அவ்வளவுதான். இதை ஒப்புக்கொண்டவர்கள் ஓட்டப் போய்விட்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர் பார்க்கிங்கில் நிற்கிறார்.

அவர் வண்டியில், பின் ஷாக்கைப் பிடித்திருக்கும் இடத்தில் ஃப்ளிப் சிப் என்றொரு சின்ன உலோகத் துண்டு உண்டு. போல்ட்டைக் கழற்றி அதைத் திருப்பிப் போட்டால் ஹெட் ஆங்கிள் அரை டிகிரி மாறும். கம்பெனிக்காரன் என்ன நினைத்து அதை வைத்தானோ, அண்ணாச்சிக்கு அது ஒரு வேலைவாய்ப்பு. போன வாரம் சாய்வாக வைத்திருந்தேன், ஏற்றத்தில் சரிப்படவில்லை என்று நிமிர்த்துவார். அடுத்த வாரம் இறக்கத்தில் பதட்டமாக இருக்கிறது என்று சாய்ப்பார். இத்தனைக்கும், பின்பக்கம் அப்படியே இருக்க முன் ஃபோர்க் 20 மில்லிமீட்டர் அமுங்கினாலே கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறிவிடும். காலை முழுக்க ஸ்பானர் பிடித்துச் சம்பாதித்த அரை டிகிரியை முதல் பிரேக்கிலேயே வண்டி வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்கிறது. இதைச் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு.

"அது டைனமிக் ஜியாமெட்ரி. நான் பேசறது ஸ்டாட்டிக்."

யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஓர் உட்பிரிவு இருக்கும்.

கோணம் ஓய்ந்தால் எடை தொடங்கும். ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள, கொக்கி வைத்த ஒரு கைத்தராசு இங்கே எந்தத் தமிழ் வீட்டிலும் இருக்கும். அண்ணாச்சி வீட்டில் அது கராஜுக்குக் குடிபோய்விட்டது. பெட்டி கட்டும் நாளில் அண்ணி அதைத் தேடி வந்தால், கொக்கியில் ஒரு டயரோ சீட்டோ தொங்கிக்கொண்டிருக்கும். வண்டியின் ஒவ்வொரு பாகமும் எக்செல் தாளில் கிராம் கணக்கில் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகள் பிறந்தபோது என்ன எடை என்று கேட்டால் அண்ணியைத்தான் பார்ப்பார்.

ஒரு நாள் டைட்டானியம் போல்ட் ஒரு செட் தபாலில் வந்தது.

"பழைய போல்ட்டுக்கு என்னங்க குறை?"

"இது முப்பது கிராம் கம்மி."

"அந்த முப்பது கிராமுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"இதையெல்லாம் கிராம் கணக்குல பாக்கக் கூடாது."

"தங்கத்துக்கே நான் கிராம் கணக்குதான் பாக்கறேன்."

ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் அரைக் கிலோவைக் குறைத்தால், ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் மிச்சமாவது ஏறக்குறைய 18 விநாடி. இது அண்ணாச்சியே போட்டுக் காட்டிய கணக்கு, அதில் தப்பு இல்லை. உச்சிக்கு 18 விநாடி முன்னதாகப் போய்ச் சேர்ந்து, அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து 18 விநாடியைப் பற்றிப் பேசுவார். முதுகுப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு டப்பா புளியோதரையும் இருக்கும். புளியோதரைக்கு எக்செல் தாளில் இடம் இல்லை.

சைக்கிள் பாகங்களைப் பற்றி, அவற்றை வடிவமைத்த கீத் பான்ட்ரேகர் சொன்னதாகப் புகழ்பெற்ற விதி ஒன்று உண்டு: உறுதி, லேசு, மலிவு, இந்த மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அண்ணாச்சி மூன்றாவதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது. எவ்வளவு தூரம் கைவிட்டார் என்பது அண்ணிக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

சஸ்பென்ஷனில்தான் அவருடைய பரிணாமம் தெளிவாகத் தெரியும். சக்கரம் எவ்வளவு தூரம் அமுங்கி எழும் என்பதை ட்ராவல் என்பார்கள். 100 மில்லிமீட்டர் வண்டியில் தொடங்கியவர் 120க்குப் போனார், 140க்குப் போனார், இப்போது 170இல் நிற்கிறார். ஒவ்வொரு படியிலும் அதற்கு முந்தைய படியில் உயிர் பிழைத்ததே அதிர்ஷ்டம் என்பது போலப் பேசுவார். மலை அதேதான், பாதையும் அதேதான். சான் ஹோசேயிலிருந்து வரும் எடைக் கட்சிக்காரர் ஒருவர் இதில் அவருக்கு நிரந்தர எதிரி.

"நூத்தியெழுபது எதுக்குங்க? சோபாவை மேல தள்ளிட்டுப் போற மாதிரி இருக்குமே."

"கீழ வரும்போது நீங்க எப்படி வர்றீங்கன்னு பாத்தேன். பல்லெல்லாம் இருக்கா?"

"நான் ஏறி இறங்கிட்டேன். நீங்க இன்னும் கார்கிட்டதான் நிக்கறீங்க."

"சேக் செட் பண்ணாம ஓட்டறதுக்கு ஓட்டாமலே இருக்கலாம்."

ஏறி உட்கார்ந்தால் ஆளின் பாரத்துக்கே சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும், அதுதான் சேக். பின் ஷாக்கில் 30 சதவீதம் வரை விடுவது வழக்கம். அண்ணாச்சி காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் காற்றழுத்தம் பார்ப்பார். கேலிக்காகச் சொல்லவில்லை, ஷாக் பம்ப் சட்டைப் பை கடிகாரம் போல எப்போதும் கையோடு இருக்கிறது.

இத்தனை ஏற்பாட்டோடு அவர் போகும் பாதை எது? ஊரை ஒட்டிய டமால்பைஸ் மலைப்பக்கத்து ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவற்றில் சைக்கிளுக்கு நெடுங்காலமாக அனுமதி கிடையாது. மிச்சம் இருப்பது தீயணைப்பு வண்டி போவதற்காக வெட்டிய அகலமான மண்சாலை. அதில் வேக வரம்பு மணிக்கு 15 மைல், கண்ணுக்குத் தெரியாத வளைவில் 5 மைல். ரேஞ்சர்கள் ரேடாரோடு நின்று அபராதம் எழுதிய மலை இது. ஆல்ப்ஸ் பாறைகளில் குதிப்பதற்கென்று செய்த வண்டியை, மாருதி கார் தாராளமாகப் போய்விடக்கூடிய சாலையில், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறக்கி வருகிறார். அந்தப் பிரேக்கை லேசாக்குவது பற்றியும் தனியாக ஒரு தாள் இருக்கிறது.

சங்கடம் என்னவென்றால், இவரை முழுக்கச் சிரித்துத் தள்ள வரலாறு இடம் கொடுக்கவில்லை. இந்த ஃபேர்ஃபேக்ஸுக்கு மேலேதான் ரீபேக் இருக்கிறது. ஏறத்தாழ 2 மைலில் 1,300 அடி இறங்கும் அந்த மண்சாலையில் 1976இல் கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ், சார்லி கெல்லி கோஷ்டி பந்தயம் விடத் தொடங்கியது. வண்டிகள் எல்லாம் 1930, 40களின் கனத்த பழைய ஷ்வின் சைக்கிள்கள், 20 கிலோவுக்கு மேல். பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக், இறங்கி முடிப்பதற்குள் அதன் கிரீஸ் புகைந்து போகும், ஹப்பைப் பிரித்து மறுபடி அடைக்க வேண்டும். ஃபிஷர் அதில் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியிருக்கிறார். சஸ்பென்ஷன் என்று இருந்தது அவர் முழங்கால்தான். 1977இல் ப்ரீஸ் மலைக்கென்றே ஒரு வண்டியைச் செய்தார். இது நன்றாகத்தானே இருக்கிறது, இதோடு விட்டுவிடுவோம் என்று அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாமெல்லாரும் இன்னும் கிரீஸ் அடைத்துக்கொண்டிருப்போம்.

1990ஐ ஒட்டி ராக்ஷாக்ஸ் கம்பெனி தன் முதல் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைக் கொண்டுவந்தபோது அதன் ட்ராவல் 48 மில்லிமீட்டர். எடை கூடும், மிதிக்கும் சக்தி வீணாகும், ஏறவே முடியாது என்றார்கள். இன்று ஒவ்வொரு கிராமையும் எண்ணும் கிராஸ் கன்ட்ரி பந்தயக்காரர்களே 120 மில்லிமீட்டர் வண்டியில் ஏறுகிறார்கள். 29 அங்குலச் சக்கரத்தைக் கேரி ஃபிஷர் தள்ளியபோதும் சிரித்தார்கள். இன்று கடைகளில் 26 அங்குலத்தைத் தேட வேண்டியிருக்கிறது. "அன்னிக்குச் சிரிச்சவன் எல்லாம் இன்னிக்கு எங்கே?" என்று அண்ணாச்சி கேட்பார். கேள்வி நியாயமானது. 29 அங்குலம் வந்தபோது அதிகமாகச் சிரித்தவர் இவர்தான் என்று சான் ஹோசேக்காரர் ஞாபகப்படுத்துவார். அது வேறு ஜியாமெட்ரி என்று பதில் வரும்.

அண்மையில் அவர் மின்சார வண்டிக்கு மாறிவிட்டார். மோட்டாரும் பேட்டரியுமாக 22 கிலோ. அரை நூற்றாண்டு இன்ஜினியரிங், கார்பன், டைட்டானியம் எல்லாவற்றையும் கடந்து பழைய ஷ்வின் எடைக்கே பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறார். இதைக் கேட்டால் கோபம் வராது, பாடம் வரும்.

"எடை ஒரு பிரச்சினையே இல்லை தம்பி. கனம் இருந்தாத்தான் வண்டி தரையைப் பிடிச்சு நிக்கும். சஸ்பென்ஷனுக்கும் வேலை செய்ய வசதி. எங்கே கனம் இருக்குங்கறதுதான் கேள்வி."

"அப்போ அந்தப் போல்ட்டு அண்ணாச்சி?"

"அது மாத்தியாச்சு. இதுக்கும் டைட்டானியம்தான்."

இப்போது அவருடைய ஆராய்ச்சி, பேட்டரியில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்-அவர் கிடைக்கிறது என்பது. போன சனிக்கிழமை அதைப் பற்றி நீண்ட நேரம் விளக்கினார். வெயில் ஏறிவிட்டது. மற்றவர்கள் போய்விட்டார்கள். புது வண்டிப் பையன் மட்டும் மரியாதைக்காக நின்றான்.

"அண்ணாச்சி, ஏறலாமா?"

"நீ போ தம்பி. எனக்கு பேட்டரி இல்லை."

"சார்ஜ் போடலையா?"

"சார்ஜ் ஃபுல்லா இருக்கு. நேத்து ராத்திரி எடை பாக்கக் கழட்டினேன். தராசுலயே தொங்குது, வீட்டுல."