ஐந்து சென்டில் ஒரு மட்டக்குதிரை

மனை ஐந்து சென்ட். வீடு, போர்வெல், செப்டிக் டேங்க் எல்லாம் போக மிஞ்சுவது ஆயிரம் சதுர அடி. இதில் மட்டக்குதிரை வளர்க்கலாமா? தாராளமாக. நான் வளர்க்கிறேனே.

ஆடி மாதம் அந்தியூருக்குப் போங்கள். குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். சுழி பார்க்கத் தெரிந்த மாமா ஒருவரைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். நெற்றியில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று அவர் சுழியை எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். வயதைச் சொல்லும் பல்லையும், நொண்டலைச் சொல்லும் குளம்பையும் பார்க்காமல் வாங்குவதுதான் நம் வழக்கம்.

இருநூறு கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு நாலு கிலோ காய்ந்த தீவனமாவது வேண்டும். உங்கள் புல்தரையை நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இறக்கினால் செவ்வாய்க்கிழமை மண் தெரியும். அதன் இரைப்பை சிறிது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய வேண்டிய பிராணி. வாந்தியும் எடுக்க முடியாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பிடி கொள்ளு நீட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலியில் புரளும் குதிரையை எழுப்பி, டாக்டர் வரும்வரை தெருவில் நடத்துவது நீங்கள். நாய்கள் துணைக்கு வரும், கவலை வேண்டாம்.

தனியாக இருக்கவும் அதற்குப் பிடிக்காது, கனைத்தே ஊரைக் கூட்டும். துணைக்கு ஒரு வெள்ளாடு வாங்குங்கள். பின்னங்காலில் எழும்பி நின்று, வாய் எட்டும் உயரம்வரை அகத்தியை அது மொட்டையடித்துவிடும். ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஏறி நின்றால் இன்னும் இரண்டடி. பொங்கலன்று பாசம் பொங்கி மிச்சச் சோற்றை மட்டும் அதற்கு வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். சோறு வயிற்றுக்குள் புளித்து, சாயங்காலம் ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. சமையல் சோடாவைக் கரைத்து டாக்டர் புகட்டும்போது பொங்கலில் போட்ட முந்திரியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கோழி, வாத்து எல்லாம் தானாக வந்து சேரும்.

இதில் தமிழறிவும் வளரும். குதிரை போடுவது லத்தி, ஆடு போடுவது புழுக்கை, மாடு போடுவது சாணி, கோழி போடுவது எச்சம். நான்கையும் இருட்டில் செருப்பில்லாமல் பிரித்தறியும் நாளில் நீங்கள் பண்ணையார். அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தும் எதிர்வீட்டு அக்காவும் ஒருநாள் காலியான சிமெண்ட் சாக்கோடு வாசலில் நிற்பார், ரோஜாச் செடிக்கு உரம் வேண்டுமாம். நன்றாக மக்கியதாகப் பார்த்து அள்ளிக் கொடுங்கள். சூடு ஆறாத லத்தியைப் போட்டுச் செடி கருகினால் அதற்கும் உங்கள் குதிரைதான் பதில் சொல்ல வேண்டும்.