கோழிக்கு ஒரு ரசமட்டம்

கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் கேட்டேன். "என்ன சார், மாடி எடுக்கப் போறீங்களா?" என்றார். கோழிக்குத் தண்ணீர் வைக்க என்று சொல்ல நா எழவில்லை. "வீட்ல ஒரு அலமாரி ஆடுது" என்று சொல்லி வாங்கி வந்தேன்.

எல்லாம் ஒரு வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போனதில் ஆரம்பித்தது. ஆறு பெட்டை, ஒரு சேவல். சிறுவிடை. கீரி வரும், பருந்து வரும், மரநாய் வரும் என்று தெருவே வந்து பயமுறுத்தியது. கம்பிவலை அடித்தேன், பழைய மீன்வலையைக் கூரையாகக் கட்டினேன், கூண்டுக்குப் பூட்டுப் போட்டேன். மூன்று நாளில் முடிந்த வேலை. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒருமுறை, அதுவும் விடியற்காலையில். போர் தண்ணீர் எப்போதும் உண்டு. ஆனால் அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிப்பதற்குக் கேன். ஆக வீட்டில் மூன்று தினுசுத் தண்ணீர். எது எதற்கு என்று என் மனைவி போட்டிருக்கும் சட்டத்தில் கோழிக்கு ஷரத்து கிடையாது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். தின்கிற தீவனத்தைப்போல இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும் கோழி. ஒன்று 100 கிராம் தின்றாலும் 200 மில்லி. ஏழுக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டருக்குள். கோழிக்கு வியர்க்காது; வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும், மூச்சுக்கு மூச்சு ஈரம் போகும். அதனால் சித்திரையில் இரட்டிப்பாக வைத்துக்கொண்டாலும் 3 லிட்டர். "மூணு லிட்டர்தானே, குழாய்த் தண்ணியில கொடுத்துடலாம்" என்றேன். கோழி குடிப்பது 3 லிட்டர். கொட்டுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் மண்சட்டி வைத்தேன். விளிம்பில் ஒன்று ஏறி நிற்கும். பக்கத்தில் இன்னொன்று, புதையல் இருப்பதாக யாரோ சொன்னதுபோல, மண்ணைச் சீய்க்கும். ஐந்தே நிமிடத்தில் சட்டியில் குழம்பு கூடியிருக்கும். எச்சம் தாளிப்பு.

பிறகு தீவனக் கடையில் பிளாஸ்டிக் டிரிங்கர் வாங்கினேன். ஜாடியில் தண்ணீர் நிரப்பி, தட்டை மூடி, திருகி, சட்டென்று கவிழ்க்க வேண்டும். திருகல் அரைச் சுற்று குறைந்தால் மூன்று லிட்டரும் நம் பனியனுக்கு. ஜாடியின் வாயோரம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். தட்டில் தண்ணீர் அதை மூடி நிற்கிறவரை காற்று உள்ளே போகாது. காற்று போகாதவரை தண்ணீர் வெளியே வராது. அருமையான ஏற்பாடு. தரை மட்டமாக இருந்தால். எங்கள் கொல்லை அப்படி இல்லை என்பது பதினைந்து வருஷம் குடியிருந்தும் எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் சாய்ந்து, காலையில் பார்த்தால் ஜாடி காலி, வாழைக்கு அடியில் சேறு.

அந்த வாரம் பார்த்துக் குழாயும் வரவில்லை. உப்புத் தண்ணீர் கொடுத்தால் கழிச்சல் பிடிக்குமே என்று பயந்து, இரண்டு நாள் கேன் தண்ணீரைக் கமுக்கமாக ஊற்றினேன். மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன்.

"ஏங்க, முப்பத்தஞ்சு ரூவா கேன் தண்ணி கோழிக்கா?"

"முட்டையில முக்கால் பங்கு தண்ணிதான். நாம ஊத்துறது நமக்குத்தான் திரும்பி வருது."

"அப்ப இன்னைக்கு ஆம்லெட் வேணாம். ஒரு டம்ளர் தண்ணி குடிங்க."

இதற்கு நடுவில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து. ராணிகேத் என்ற அழகான மலையூரின் பெயரை இந்தச் சீக்குக்குச் சூட்டியவர்களை என்ன சொல்வது! நான் வாங்கியது குடிதண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்து. அதில் இருப்பது வீரியம் குறைந்த, ஆனால் உயிருள்ள கிருமி. குளோரின் பட்டால் செத்துவிடும். குழாய்த் தண்ணீரோ அன்று பிளீச்சிங் பவுடர் வாசத்தோடு வந்தது. போர் தண்ணீருக்கு யோகம். லிட்டருக்கு 5 கிராம் பால் பவுடரும் கலக்கச் சொல்லியிருந்தார்கள். காபிக்கு வைத்திருந்ததைக் கரைத்தேன். தாகத்தோடு குடிக்கட்டும் என்று இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு கொண்டுபோய் வைத்தேன். ஏழும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலி இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டு அப்பத்தாவின் துவைகல்லடியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்திருந்தன. மதிலிலிருந்து ஒரு காக்கை இறங்கி, என் மருந்தை நிதானமாகக் குடித்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டு போனது. பானையில் கல் போட்ட பரம்பரை. அதற்கு இங்கே அந்தச் சிரமமும் இல்லை. அப்புறம் கால்நடை மருத்துவர் வந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொல்லிக் கண்ணில் சொட்டு விட்டார். பிடித்ததில் முழங்கை சிராய்த்தது எனக்கு.

"ஏய்யா, அதுக்குத் தண்ணி வச்சியா இல்லையா? என் கல்லடியிலயே கெடக்குதுக" என்று அப்பத்தா கேட்டதுதான் தாங்கவில்லை. வேலி இடுக்கை அடைத்தேன். அன்றைக்குத்தான் ரசமட்டம் வாங்கியது. செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, குமிழி நடுவில் நிற்கும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்தேன். தட்டு, கோழியின் முதுகு உயரத்தில். இனிமேல் சீய்த்தாலும் மண் விழாது. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. ஒரு சொட்டுக்கூடக் குறையவும் இல்லை.

நாலாம் நாள் கொத்தனார் ரசமட்டத்தைக் கேட்டு வந்தார். கொல்லைக்கு அழைத்துப் போனேன். அங்கே, மனைவி பொங்கலிலிருந்து சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருக்கும் போர் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் ஏழும் வட்டம் கட்டி நின்றன. கோழிக்கு உறிஞ்சத் தெரியாது. அலகில் அள்ளி, அண்ணாந்துதான் இறக்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் வானத்தைப் பார்க்கின்றன. நன்றியெல்லாம் மேலே போகிறது. விடியற்காலையில் எழுந்து குழாயடியில் நின்றவனுக்கு ஒன்றும் இல்லை.

"வாஷர் போயிருக்கு சார். ரெண்டு நிமிஷ வேலை" என்று ஸ்பேனரை எடுத்தார் கொத்தனார்.

"வேணாம், விடுங்க" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

என்னைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். டிரிங்கர் பக்கத்தில் செங்கல்மேல் கிடந்த ரசமட்டத்தை எடுத்து, கண்ணாடிமேல் காய்ந்திருந்த எச்சத்தைக் கட்டைவிரலால் சுரண்டினார்.

"அலமாரி எங்க சார் இருக்கு?"