ரசிகர் ஒழிப்புத் திட்டம்

பினாங்கில் எந்தச் சங்கீத நிகழ்ச்சிக்குப் போனாலும், நன்றியுரைக்கு முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம்ம ஆளுங்களுக்கு ரசனையே போயிருச்சு" என்று அழுவார். வந்து உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். வராதவனுக்கு விழவேண்டிய அடி வந்தவன் முதுகில் விழும். வராதவர்களோ தாசேக் கெலுகோர் போன்ற ஊர்களில் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பார்கள். அந்த வராதோர் சங்கத்தின் சார்பில் ஒரு யோசனை சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குற்றவாளி ரசிகன்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. பிறகு என்ன தயக்கம்? ரசிகனை ஒழித்துக்கட்டிவிடலாம்.

இது புது யோசனை இல்லை. 1918ல் வியன்னாவில் இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அனுமதி, பத்திரிகை விமர்சகர்களுக்கு வாசலோடு சரி, கைதட்டவும் கூடாது. 1958ல் அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட் இன்னும் ஒரு படி போனார். உயர்ந்த பௌதிகம் பாமரனுக்குப் புரிகிறதா என்று யாரும் கவலைப்படுவதில்லையே, புதிய இசைக்கு மட்டும் ஏன் அந்தக் கவலை, பொதுமேடையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குள் போய்விடலாம் என்று எழுதினார். பத்திரிகைக்காரர்கள் அதற்கு, நீ கேட்டால் எனக்கென்ன என்கிற தோரணையில் தலைப்பு வைத்து அவர் பெயரைக் கெடுத்தார்கள். அவர் வைத்த தலைப்பு வேறு.

ஆனால் அந்த இருவரிடமும் ஒரு நேர்மை இருந்தது. காது பழகாத எதையோ புதிதாக எழுதினார்கள். எழுதியதைக் காப்பாற்றக் கதவைச் சாத்தினார்கள். நம்மவர்கள் உள்ளே புதிதாக எதையும் வைக்காமலே கதவைச் சாத்தியவர்கள். தியாகராஜர் மறைந்தது 1847ல். இன்றைக்கும் கச்சேரியின் முதுகெலும்பு அவரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை, அந்தப் பாட்டுகளுக்கு வயதே கிடையாது. வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிகிற பந்தியை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுக் கொடுத்தும் நூறு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பந்தியில் தமிழுக்கு எந்த இடம் என்று பாருங்கள். தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் கேன்டீன் பக்கம் எழுந்து போன பிறகு, துக்கடாவில்.

கொஞ்சம் முன்னால் வர ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1946 சாட்சி. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். சன்னிதானம் அசுத்தமாகிவிட்டது என்று பெரிய வித்வான்கள் முகம் சுளித்தார்கள். அப்போது இளைஞராக இருந்த கருணாநிதி குடியரசு இதழில் 'தீட்டாயிடுத்து' என்று தலைப்பிட்டே எழுதினார். ரசிகன் பேசுகிற மொழி மேடைக்குத் தீட்டு. ஆனால் அதே ரசிகன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, தன் மொழி தீண்டாத இரண்டரை மணி நேரத்துக்குத் தலையாட்ட வேண்டும். வரவில்லை என்றால் ரசனை போய்விட்டது.

அது பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்பீர்கள். மாறித்தான் இருக்கிறது. 2020ல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தோலை உரித்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரும்வரை தட்டிப் பார்க்கிற கைகளைப் பற்றிய புத்தகம். வெளியீட்டு விழாவுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்ரா, அரசியல் இருக்கிறது என்று சொல்லிக் கடைசி நேரத்தில் கையை விரித்தது. மாட்டுத்தோல் மேடை ஏறலாம். மாட்டுத்தோல் என்று சொல்வதுதான் அரசியல்.

2024ல் அதே கிருஷ்ணாவுக்கு மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது. உடனே ரஞ்சனி-காயத்ரி சகோதரிகள் அகாடமி மேடையில் பாடமாட்டோம் என்று விலகினார்கள், இன்னும் சிலர் பின்னால் போனார்கள். அதோடு சேர்ந்து வரும், எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் உள்ள விருதை அவருக்குத் தரலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. பல வருஷங்களுக்குப் பிறகு சங்கீதத்தைப் பற்றித் தெருவில் போகிறவனும் பேசினான். எந்த ராகத்தைப் பற்றி என்று கேட்காதீர்கள். ஒரு ராகத்தின் பெயர்கூட அந்தச் சண்டையில் அடிபடவில்லை. கிருஷ்ணா 2017ல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்றுகொண்டு, சாம்பல் கொட்டும் அனல்மின் நிலையங்களைப் பற்றிச் சென்னைத் தமிழில், கர்நாடக ராகங்களில், புறம்போக்குப் பாட்டைப் பாடினாரே, அதை இங்கே ரப்பர் கையுறை ஆலையில் ஷிப்ட் பார்க்கிற பையன்கூடக் கைப்பேசியில் கேட்டான். ரசனை இல்லாதவன்தான். என்ன செய்வது.

சரி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தலைநகரில் 1998ல் பெட்ரோனாஸ் எண்ணெய்க் காசில் இரட்டைக் கோபுரத்தடியில் பில்ஹார்மோனிக் அரங்கு எழுந்தது. உள்ளே வருகிறவன் என்ன உடுத்த வேண்டும் என்பதற்கு அங்கே விதி உண்டு. நாம் அவ்வளவு வெளிப்படையாக எழுதிவைக்க மாட்டோம். வேறு வழி வைத்திருக்கிறோம். கச்சேரி பினாங்குத் தீவில் நடக்கும். தாசேக் கெலுகோரிலிருந்து போகிறவன் கொம்யூட்டர் ரயிலேறி, புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் பட்டர்வொர்த்தில் இறங்கி, பெரி பிடித்து, அக்கரையில் ஒரு கிராப் கூப்பிட வேண்டும். மங்களம் பாடி முடிக்கையில் திரும்ப ரயில் உண்டா என்று எந்த ஏற்பாட்டாளரும் அட்டவணையைப் புரட்டியதில்லை. பாலம்தான் 1985லேயே வந்துவிட்டதே என்பார்கள், காரில் வருகிறவர்கள்.

அப்படியும் அரங்கு நிறைகிற நாள் ஒன்று உண்டு. அரங்கேற்றம். அன்றைக்கு மட்டும் ரசிகர் பஞ்சம் கிடையாது, ஏனென்றால் வந்திருப்பவர்கள் ரசிகர்கள் இல்லை. மாமா, அத்தை, சித்தப்பாவின் முதலாளி, அப்பாவோடு கோல்ப் ஆடுகிறவர், போன மாதம் தங்கள் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு இவர்களை அழைத்து மொய்க்கணக்கு வைத்திருப்பவர்கள். அந்தப் பிள்ளை பாவம், பத்து வருஷம் சாதகம் செய்து ஒரு நல்ல கல்யாணி வைத்திருக்கும். அது வாயைத் திறப்பதற்கு முன்னால் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஒய்.பி. எனப்படும் மக்கள் பிரதிநிதியின் உரை, அவர் உதவியாளருக்கும் சேர்த்துப் பொன்னாடை. உரை முடிந்ததும் ஒய்.பி. அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்புவார், அவரோடு முதல் இரண்டு வரிசையும் எழுந்து போகும். மிச்சக் கூட்டம் வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் இறங்குகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும். மறு வருஷம் அந்தப் பெண் மருத்துவம் படிக்கப் போய்விடும். தம்புரா உறையோடு அலமாரிக்கு மேலே போகும். சங்கீதம் வளர்த்தாயிற்று.

இவ்வளவு பாடுபட்டும் ரசிகன் முழுசாக ஒழியவில்லை என்பதுதான் வேதனை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அவன் இன்னும் மிஞ்சியிருக்கிறான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிந்து, சனங்கள் மலிவு வீடுகளுக்குப் போய்விட்ட பிறகும், வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். சாமிக்கு அலங்காரம் நடக்கும்போது திரை போட்டிருப்பார்கள். அரை மணியோ முக்கால் மணியோ யாருக்கும் வேலை கிடையாது. அப்போதுதான் நாயனக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்துவிட்டுத் தோடியை எடுப்பார். மேடை இல்லை. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், தூணில் சாய்ந்து நின்றபடி. சிமென்ட் தரையில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி தொடையில் தாளம் போட ஆரம்பிப்பாள். அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறவர் கை நின்றுபோகும். வெளியே முறைக்குக் காத்திருக்கும் உறுமி மேளப் பையன்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள், தவில்காரரின் விரலைப் படம் பிடிக்க. கொஞ்சம் கழித்து அவர்களில் ஒருவன், "அண்ணே, ஒரு சினிமாப் பாட்டு" என்று கேட்கத்தான் செய்வான். கேட்டால் என்ன? நாயனக்காரர் சிரித்துக்கொண்டே அதையும் வாசிப்பார், வாசித்துவிட்டு விட்ட இடத்தில் தோடியைப் பிடிப்பார்.

டிக்கெட் இல்லை, உடைக்கட்டுப்பாடு இல்லை, எழுந்து போகலாம், திரும்பி வரலாம். சங்கீதம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. ஆகவே இதற்குக் கச்சேரி என்று பெயர் வைக்க முடியாது. மங்கள வாத்தியம். அதாவது, யாராவது தும்மினால் அதை அமுக்குகிற சத்தம். தோடி என்றாலே உலகம் பெயர் சொல்கிற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே சங்கீத கலாநிதி ஆகாமல் 1956ல் கண்ணை மூடினார் என்றால், தமிழ்நாட்டிலிருந்து தற்காலிகப் பெர்மிட்டில் வந்து இந்தத் தூணில் சாய்ந்து வாசிப்பவரை யார் சீண்டப் போகிறார்கள்?

தோடி உச்சிக்கு ஏறுகிற நேரம் பார்த்துக் கோவில் செயலாளர் விரலை உயர்த்துவார். சிறப்பு விருந்தினர் டத்தோவின் கார் வந்துவிட்டது. கெட்டி மேளம்! ராகத்தின் கழுத்து அந்த இடத்திலேயே அறுபடும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழி விடுவார்கள். வெங்காயம் உரித்தவரும் எழுவார். டத்தோ மாலையோடு மைக்கைப் பிடித்து, நம் பாரம்பரியக் கலைகள் நம் கண் முன்னால் அழிந்துகொண்டிருக்கின்றன, இளைஞர்களுக்கு ஆர்வமே இல்லை என்று இருபது நிமிஷம் உருகுவார். அழித்தது அவருடைய கார்தான் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. கைதட்டல் பலமாக இருக்கும்.

அந்தத் திருவிழா அழைப்பிதழ் என் மேஜை மேல் கிடக்கிறது. டத்தோவின் வண்ணப்படம், அவருடைய பட்டங்கள் மூன்று வரி. மண்டபத்துக்குப் பெயிண்ட் உபயம், பந்தல் உபயம், தண்ணீர்ப் போத்தல் உபயம், எல்லாருக்கும் பெயர் உண்டு. வாசித்தவர் வருகிற இடத்தில் இரண்டே சொல்: மங்கள இசை.