மருமவனே, லீவுக்கு ஊர்ப்பக்கம் வந்துராதே!

மருமவனே, நீ போன்ல சொன்னதைக் கேட்டதுலருந்து எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. சந்தோசத்துல. பேரப்பிள்ளைய ரெண்டு பேரையும் கோடை முகாம்ல சேத்துட்டியாமே! ஆளுக்கு ஐயாயிரமாம், பத்து நாளாம், ஏசி ஹாலாம். ஒரு நாள் ஓலை, ஒரு நாள் களிமண், ஒரு நாள் நாட்டு விளையாட்டு, ஒரு நாள் ‘கிராமத்து வாழ்க்கை’. கிராமத்து வாழ்க்கை ஒரே நாள்ல முடிஞ்சிருதுன்னு எனக்கு இம்புட்டு வயசுக்கு அப்புறந்தான் தெரியுது.

சின்னவன் ஓலைக் காத்தாடியோட நிக்க போட்டோவை உங்க அத்தைகிட்டக் காட்டுனேன். கண்ணாடியைப் போட்டு உத்துப் பாத்துட்டு, “இது பிளாஸ்டிக்குல்லா”ன்னா. பக்கத்துல ஒரு சர்டிபிகேட்டு வேற. அம்பது வருசமா ஓலை முடையுதவ அவ. பெட்டி, கடவம், கொட்டான், கிலுகிலுப்பை எல்லாம் முடைவா. அவகிட்ட ஒரு சர்டிபிகேட்டும் கிடையாது. இத்தனை காலமும் திருட்டுத்தனமாத்தான் முடைஞ்சிருக்கா போல.

அதனால ஒரு புத்தி சொல்லுதேன், கேளு. இந்த லீவுக்கு ஊர்ப்பக்கம் வந்துராதே. பிள்ளைய கெட்டுப்போவும்.

எப்படிக் கெடும்னு கேப்ப. மொதல்ல விடியக்காலம் எந்திரிக்கப் பழகிரும். நம்ம பனை விளைக்குப் பதநீர் இறக்க ஆள் வாரது கருக்கல்ல. அவன் மரத்துல ஏறி, அருவாப்பெட்டியிலருந்து பாளையருவாளை எடுத்துப் பாளை நுனியைச் சீவிட்டு இறங்குத அழகைப் பாத்த பிள்ளைக்கு அப்புறம் செல்போன் ருசிக்காது. உனக்குத்தான் நஷ்டம். பிள்ளை கையில போனைக் குடுத்துட்டு நீ நிம்மதியா இருக்கியே, அது போயிரும்.

ரெண்டாவது, கேள்வி கேக்கும். “தாத்தா, கலயத்துக்குள்ள எதுக்கு வெள்ளையடிச்சிருக்கு?” போன வருசம் பக்கத்து வீட்டுக்கு வந்த மதுரைப் பிள்ளை இப்படித்தான் கேட்டுது. அது வெள்ளையடிப்பு இல்ல, சுண்ணாம்பு. உள்ளுக்குள்ள சுண்ணாம்பு தடவுனா பதநீர் புளிக்காது, இனிப்பாவே நிக்கும். தடவாம விட்டா அதே தண்ணி நுரைச்சுக் கள்ளாயிரும். கள்ளுக்கு நம்ம தமிழ்நாட்டுல 1987-லருந்து தடை. வேதியியல் பாடமும் சட்டப் பாடமும் ஒரே கலயத்துல கிடக்கு பாத்துக்கோ. அந்தப் பிள்ளை அதோட விட்டுதா? “சுண்ணாம்பு கூடிப்போனா என்ன ஆவும்?”னு கேட்டுது. நாக்கு பொத்துப்போவும்னேன். நாக்கை நீட்டிக் காட்டிக்கிட்டே ஓடிப்போச்சு. ஐயாயிரம் குடுத்த முகாம்ல இப்படி ஒரு கேள்வி கேட்டா, ‘அது நாளைய பாடம்’னு சொல்லி உக்கார வச்சிருப்பாவ. ஒழுங்கு வேணும்லா.

மூணாவது, கெட்ட வார்த்தை படிக்கும். பதநீரைப் பன்னாடையிலதான வடிக்கோம்? தேனீயும் தூசியும் அதுல தங்கிரும், பதநீர் கீழ இறங்கிரும். யாரையாவது ‘பன்னாடை’ன்னு ஏன் வையுதோம்னு அப்பத்தான் பிள்ளைக்குப் புரியும். நல்லதை ஒழுக விட்டுட்டுக் குப்பையைப் பிடிச்சு வச்சிருக்க ஆளு. கடைசித் தரத்து மாணாக்கனுக்கு நன்னூல்காரர் நெய்யரியை ஒப்பாச் சொன்னாரு, அது இந்தப் பன்னாடைதான்னு எங்க தமிழய்யா சொல்லிக்கிட்டே எம்மூஞ்சியப் பாப்பாரு. எனக்கு அன்னைக்குப் புரியல. விளைக்கு வந்து வடிகட்டும்போதுதான் புரிஞ்சுது, அவர் என்னைத்தான் சொல்லியிருக்காருன்னு.

நாலாவது, கடைக்காரனோட சண்டை போடும். கருப்பட்டி காய்ச்சுததைப் பக்கத்துல உக்காந்து பாத்த பிள்ளையை ஏமாத்த முடியாது. எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வத்துனாத்தான் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். விறகு எரிச்சு, புகையில கண்ணைக் கசக்கி, கிண்டிக்கிட்டே நிக்கணும். பொங்கி வழியப்போவுதுன்னா ரெண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவா உங்க அத்தை. அப்படியே அடங்கிரும். பாகு பக்குவம் வந்ததும் சிரட்டையில ஊத்தி ஆறவிடணும். இவ்வளவையும் பாத்துட்டுப் பட்டணம் போய், சீனியைக் கலந்து ‘ஒரிஜினல் உடன்குடி’ன்னு சல்லிசா விக்கவன்கிட்ட, “எட்டு லிட்டர் பதநீர் என்ன விலை, விறகு என்ன விலை?”ன்னு உன் பிள்ளை கணக்கு கேட்டா நீ எங்க மூஞ்சியை வச்சுக்கிடுவ?

இதெல்லாம் போவட்டும். சித்திரை பொறக்கும்போது இங்கன ஒரு பெரிய கூத்து நடக்கு, அதைச் சொல்லுதேன். நம்ம தெக்கத்திப் பக்கம் சித்திரை ஒண்ணாந்தேதிக்கு ஓரிரு நாள் முந்திச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துரும். அன்னைக்கு உச்சி நேரத்துல நட்டமா நிக்க எதுக்கும் நிழல் விழாது. நிழலில்லா நாள்னு பேரு. வருசத்துக்கு ரெண்டு தடவை, இன்னொண்ணு ஆவணியில வரும். மெட்ராசுல ஏப்ரல் 24 வாக்குல, உன் மொட்டை மாடியிலயே நடக்கும். நீ பாத்திருக்க மாட்ட. ஆபீஸ்ல இருந்திருப்ப.

இந்தத் தடவை அந்த நாள்ல அறிவியல் இயக்கத்துப் பையங்க நாலு பேரு பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து, எல்லாரையும் கூப்பிட்டாங்க. நட்டமா நிறுத்த ஒரு கம்பு வேணும்னாங்க. உங்க அத்தை உலக்கையக் கொண்டாந்துட்டா. கிரகணத்தன்னிக்குத் தட்டுல தண்ணி ஊத்தி உலக்கையை நிறுத்தி, அது விழுந்தாக் கிரகணம் விட்டுதுன்னு காவ இருந்த கிழவிங்கல்லாம் கூட்டமா வந்து நின்னாளுவ. ஒரு பையன் மெதுவா, “பாட்டி, தட்டையான அடியிருந்தா உலக்கை எந்த நாளும் நிக்கும், பாருங்க”ன்னு நிறுத்திக் காட்டிட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு கிழவி கேட்டா: “அப்ப இத்தனை வருசம் சோறு தின்னாம நாங்க இதுக்குக் காவ இருந்தமே, அந்தச் சோத்தை யாரு தருவா?” அந்தப் பையன் படிச்ச படிப்புல அதுக்குப் பதில் இல்ல.

பிள்ளைய உலக்கை நிழல் நுனியில அஞ்சு நிமிசத்துக்கு ஒரு சோழி வச்சுக்கிட்டே வந்துதுங்க. நிழல் குறுகிக் குறுகி வருது. நான் நெனச்சேன் உச்சின்னா பன்னெண்டு மணின்னு. பன்னெண்டாச்சு, நிழல் கொஞ்சம் மிச்சம் கிடக்கு. பன்னெண்டே காலும் தாண்டிக் கொஞ்ச நேரத்துலதான் உலக்கை தன் நிழலை முழுங்குச்சு. ஏன்னா நம்ம கடிகாரம் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்கு வச்ச கடிகாரமாம், சூரியன் நம்ம தலைக்கு மேல வர இன்னும் பதினெட்டு நிமிசம் பிந்துமாம். இத்தனை வருசம் சூரியனைப் பாத்து மாட்டை அவுத்தவன் நான். கடிகாரம் பொய் சொல்லுதுன்னு அன்னைக்குத்தான் கண்டேன். உச்சி வேளையில வெளிய சுத்துனா முனி அடிக்கும், முனிக்கு நிழல் கிடையாதுன்னு எங்க ஆத்தா சொல்லுவா. அன்னைக்கு ஊரே நிழலில்லாம நின்னுது. ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டோம். பிள்ளையளுக்குச் சூரியன் புரிஞ்சுது, கிழவியளுக்கு முனி பயம் விட்டுது. செலவு ஒரு கை சோழி, அதுல ஒண்ணைக் கோழி முழுங்கிருச்சு.

அதே வாரம் பிள்ளையளை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிட்டுப் போனோம். திருச்செந்தூர் பஸ்ல போய் இறங்குனா ஆச்சு. தரையில கண்ணாடி போட்டு, தோண்டுன குழியில கிடக்க முதுமக்கள் தாழிங்களை அப்படியே காட்டுதாங்க, 2023-லருந்து. 1876-ல ஜெர்மனிக்காரர் யாகோர் வந்து தோண்டி எடுத்ததெல்லாம் பெர்லினுக்குப் போயிருச்சாம். நம்ம பாட்டன் பானை நமக்கு முந்தி வெளிநாடு பாத்துருச்சு. கூட வந்த பானை வனையுத அண்ணாச்சி மட்டும் ஒண்ணும் பேசாம கண்ணாடி மேல குத்தவச்சு உக்காந்துட்டாரு. என்னன்னு கேட்டேன். “இம்புட்டுப் பெருசை ஒரே மூச்சுல வனைய முடியாது. துண்டு துண்டாக் கூட்டி, உள்ள கல்லை அணைகுடுத்து வெளிய பலகையால தட்டியிருக்கணும். விரிசல் இல்லாம வெந்திருக்கு பாருங்க, சூளை போட்டவன் கெட்டிக்காரன்”னாரு. விவரப் பலகையில எழுதியிருந்ததை யாரும் அப்புறம் படிக்கல. பிள்ளைய எல்லாம் அவரைச் சுத்தி நின்னுட்டுதுங்க.

மறுநாள் அவர் வீட்டுச் சக்கரத்துல இருபது பிள்ளைய. மண்ணு சட்டையில, மண்ணு தலையில, ஒருத்தன் வாயிலயும். ஒண்ணுகூடப் பானை ஆவல. எல்லாம் சரிஞ்சு அப்பம் மாதிரி விழுந்துது. அவர் ஒண்ணும் சொல்லல, மண்ணைத் திருப்பிப் பிசைஞ்சு குடுத்துக்கிட்டே இருந்தாரு. உன் முகாம்ல எல்லாருக்கும் பானை வந்துருமாமே, ஆள் வச்சு முடிச்சுக் குடுத்துருவாங்களாமே. அதுதான் நல்லது. தோத்துப் பழகுன பிள்ளை பெத்தவன் பேச்சைக் கேக்காது. ஆனா ஒண்ணு, அந்த அண்ணாச்சிக்கு ஒரு நாள் பொழைப்பு போச்சு. நாங்க ஆளுக்கு ரெண்டு பானை வாங்கிட்டு வந்தோம், அந்தக் கணக்குக்கு. சும்மா கத்துக்குடுக்கணும்னு தொழில்காரனை மட்டும் கேக்கது எனக்குப் பிடிக்காது. பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் உண்டுல்லா?

அடுத்தது கோயில் கொடைத் திருவிழா. அம்மன் கொடைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது, ஆன்லைன்ல பேரு குடுக்க வேண்டாம். ராத்திரி வில்லுப்பாட்டு ஆரம்பிச்சா உடுக்கையும் குடமும் தூங்க விடாது. மகுட மேளம் அடிச்சுக் கணியான் கூத்து ஆட வருவாங்க, ஆம்பளைங்க பொம்பளை வேசம் கட்டி. “ஏன் வேசம் கட்டுதாவ?”ன்னு பிள்ளை கேக்கும், நீ கூகுள்ல தேடுவ. குடம் அடிக்கவர்கிட்டப் போய்ப் பக்கத்துல உக்காந்தா ஒரு தட்டு தட்டிப் பாக்க விடுவாரு. நுழைவுச்சீட்டு இல்லேன்னு சொன்னேனே, தலைக்கட்டு வரி உண்டு. உன் பேர்ல ரெண்டு வருசப் பாக்கி நிக்கு. இதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்னு நினைச்சிராதே. ஆனா சொல்லிட்டேன்.

கிணத்துல, குளத்துல குளிக்கதைப் பத்தி மட்டும் விளையாட்டில்லாமச் சொல்லுதேன். நாங்க சுரைக்குடுக்கையும் காஞ்ச தேங்காயும் முதுகுல கட்டிக்கிட்டு நீச்சல் படிச்சவங்கதான். ஆனா இப்ப மண்ணெடுத்த குளம் எங்க ஆழம்னு எங்களுக்கே தெரியாது. வருசா வருசம் லீவுல ஒரு வீட்டு விளக்கு அணையுது. நீச்சல் தெரிஞ்ச பெரியாள் தண்ணிக்குள்ள நிக்காம ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது. கரையில நின்னு போன் பாக்க பெரியாள் கணக்குல வராது.

உன்னை இவ்வளவு கேலி பண்ணுதேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்? எம்மவனை நான் ஒரு நாளும் மரத்துல ஏற விடல. விழுந்து இடுப்பொடிஞ்ச ஆளுங்களை நான் பாத்தவன். ஏறக் காலுல மாட்டுத தளைநாரை ஒளிச்சு வச்சேன். ‘படி, படி’ன்னேன். படிச்சான், மஸ்கட்ல இருக்கான். போன தடவை வந்தப்ப, பெண்பனையான பருவப்பனை எது, ஆண்பனையான அலகுப்பனை எதுன்னு தெரியாம ஆண்பனை மூட்டுல நின்னு நுங்கைத் தேடுதான். நான் சிரிச்சேன். உங்க அத்தை சிரிக்கல. “சொல்லிக்குடுத்தீரா வே?”ன்னு கேட்டா. ஏறவிடாதது சரி. மரத்தைக் காட்டாம இருந்தது எந்தக் கணக்குல சேத்தின்னு எனக்கு இப்பவும் தெரியல. இப்ப இந்தச் சுத்து வட்டாரத்துல பனையேற ஒரே ஒரு ஆள்தான், அவனுக்கும் அம்பது தாண்டியாச்சு.

சரி, வராதே வராதேன்னு நான் சொன்னா நீ வரத்தான் போற, உங்க அம்மை வழிப் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? வந்தா முகாமுக்கு உண்டான மரியாதையோட வா. கடலைக்குக் களை எடுக்க ஆள் கிடைக்கல, வரப்புல ‘இயற்கை வேளாண்மைப் பயிற்சி’ன்னு போர்டு எழுதி வச்சிருக்கேன். பிள்ளையளுக்கு இலவசம். பெத்தவங்களும் களை எடுக்கலாம், பீஸு வாங்க மாட்டேன். சாயங்காலம் நுங்கு வெட்டுவோம். சின்னவன் மூணு கண்ணையும் பெருவிரலால நோண்டித் திங்கட்டும், ஸ்பூன் கொண்டாராதே. தின்னு முடிச்ச காய் ரெண்டு, நடுவுல ஒரு குச்சி, தள்ளுததுக்கு ஒரு கவைக்கம்பு, வண்டி ரெடி. பெரியவளுக்கும் ஒண்ணு செஞ்சு குடு. உனக்குச் செய்ய மறந்துபோச்சுன்னா அவகிட்டக் கேளு, நான் அதுக்குள்ள அவளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன்.

வரும்போது ஆளுக்கு ரெண்டு பழைய சட்டை கொண்டா. நுங்குக் கறை எந்தச் சோப்புக்கும் போவாது.