கதை சொல்லப் பழகுங்கள், சேர்!

அரச கந்தோர்களில் இப்போது உத்தியோகத்தர்களுக்குக் கதை சொல்லப் பழக்குகிறார்கள். குளிரூட்டிய மண்டபம், கழுத்தில் பெயரட்டை, இடைவேளைக்குப் பெட்டிஸும் நெஸ்கஃபேயும். திரையில் மூன்று மந்திரங்கள்: கதையாகச் சொல்லுங்கள், ஆர்வத்தோடு கேளுங்கள், ஆயத்தமாக வாருங்கள். கைதட்டிச் சான்றிதழ் வாங்கியவர்களின் குழுப்படம் பின்னேரமே முகநூலில் வந்துவிடும்.

மறுநாள் கல்முனைக்குடியில் ஒரு உம்மாவின் கையில் தபால்காரர் கடிதம் ஒன்றைக் கொடுக்கிறார். முழுக்கச் சிங்களம். பக்கத்து வீட்டுப் பொடியன் போனில் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்கிறான். ஏதோ காணி விஷயம் என்பது மட்டும் விளங்குகிறது. கொழும்பில் யாவாரம் செய்து திரும்பிய கடைக்காரக் காக்கா வாசிக்கிறார்: "14ஆந் திகதி காலையில வரச் சொல்லியிருக்கு, ராத்தா." அன்றைக்குத் திகதி 17.

ஓட்டோ பிடித்துப் போனால், "ஏன் பிந்தி வந்தீங்க?" என்று உறுக்குகிறார்கள். உறுதி கொண்டுவந்தால் ஐடி கொப்பி எங்கே, ஐடி கொப்பி இருந்தால் விதானையாரின் கடிதம் எங்கே. ஆயத்தம் என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமை. "இது என்னத்துக்கு மனே?" என்று கேட்டுவிட்டாவோ, போச்சு. "கேள்வி கேக்காம நாலாம் கவுண்டருக்குப் போங்க." ஆர்வத்துக்கு நேற்றுத்தான் சான்றிதழ் வாங்கியவர்!

கதை சொல்வதன் அருமை தெரிய வேண்டுமானால் இந்தோனேசியாவின் சிமெலுவே தீவைப் பாருங்கள். 1907இல் கடல் ஏறி வந்து அந்தத் தீவை அழித்தது. அன்றிலிருந்து கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாய் ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26இல் நில அதிர்ச்சி அவர்களின் காலடியில். அலை வரச் சில நிமிடங்கள்தான். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர்.

இலங்கையில் எங்களுக்கு அலை வரச் சுமார் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. காலை 6.58க்குச் சுமாத்திராவில் அதிர்ந்தது. ஹவாயில் இருந்த எச்சரிக்கை நிலையத்துக்கு அது தெரிந்தது. இந்துமாக்கடல் ஓரத்தில் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்ற ஏற்பாடு மட்டும் இருக்கவில்லை. ஞாயிறும் போயாவும் ஒன்றாக விழுந்த விடுமுறை நாள் வேறு. மருதமுனையில், பாண்டிருப்பில், கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில் சனம் தன்பாட்டில் இருந்தது. முழு இலங்கையிலும் ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கு மேல். அவர்களுக்கு யாரும் கதை சொல்லவில்லை. ஒரு வரி கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது, கரையில் கோபுரங்கள் எழும்பின. கோபுரம் ஊளையிட்டால் எங்களுக்கும் விளங்கும், ஊளைக்கு அரசகரும மொழி கிடையாது. அதற்குப் பின்னால் வரும் அறிவித்தலை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1991இல் ஒரு ஆணைக்குழு. 2007இல் ஒரு சுற்றறிக்கை: புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். அந்த முதல் ஐந்து வருடம் 2012இலேயே முடிந்துபோனது. இன்றும் கேட்டால் "மொழிபெயர்ப்பாளர் இல்லை" என்பார்கள். பயிலரங்குக்கு வளவாளர் கிடைக்கிறார், மண்டபம் கிடைக்கிறது, பெட்டிஸ் கிடைக்கிறது. ஒரு கடிதத்தைத் தமிழில் எழுத மட்டும் ஆள் அகப்படுவதில்லை.

முறையிட வழியில்லையா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. மொழி உரிமை மீறப்பட்டால் அழைக்கச் சொல்லி அமைச்சு ஒரு தொலைபேசி இலக்கம் தந்தது: 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம். அதே ஜூனில், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிற கல்லோயாப் பக்கத்தில் தமிழரைத் தேடித் தேடிக் கொன்ற வருடம். தமிழில் ஒரு கடிதம் கேட்க அந்த நாலு இலக்கத்தையும் எங்கள் விரலாலேயே அழுத்த வேண்டும். தெரியாமல் வைத்திருந்தால் மடமை, தெரிந்தே வைத்திருந்தால் திமிர். இரண்டுக்கும் சம்பளம் எங்கள் வரிப்பணத்தில்தான்.